ஸ்ரீகண்டன் காவலில் ஒரு நம்பர்

என் கணவர் ஸ்ரீகண்டனைப் பற்றி நான் எழுத உட்கார்ந்திருக்கிறேன் என்று தெரிந்தால் எங்கள் தொம்மலூர்த் தெருவில் சிரிப்பார்கள். நாற்பத்தோரு வருஷமாக அவரைப் பற்றி வாயால் சொல்லிக்கொண்டிருப்பது போதாதா என்பார்கள். போதாதுதான். வாயால் சொன்னால் பாதியில் வந்து உட்கார்ந்துகொண்டு, "அது செவ்வாய்க்கிழமை இல்லை, புதன்" என்று திருத்துவார். எழுதினால் அந்த உபத்திரவம் இல்லை. மூன்று தலைமுறையாகப் பெங்களூரிலேயே இருக்கிற குடும்பம் அவருடையது. வீட்டில் பேசுவது தமிழ், படித்ததெல்லாம் கன்னடம். ஒரு தமிழ் எழுத்து அவருக்குப் படிக்க வராது. வேலூரிலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்த எனக்கு இதைவிட வேறென்ன வசதி வேண்டும்.

இவர் கர்நாடக அரசாங்கத்தில், நில அளவைத் துறையில் முப்பத்தாறு வருஷம் வேலை பார்த்து சூப்பரின்டென்டாக ஓய்வு பெற்றவர். எதையும் மூன்று முறை சரிபார்க்காமல் கையெழுத்துப் போட்டதில்லை. என்னைப் பெண் பார்க்க வந்த அன்றைக்கு, எல்லோரும் சொஜ்ஜி சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, என் அப்பா சொன்ன பிறந்த தேதியைப் பள்ளிக்கூட சர்டிபிகேட்டோடு ஒப்பிட்டுப் பார்த்த மனுஷர். இப்போது வருஷா வருஷம் பென்ஷனுக்காக, தான் உயிரோடு இருப்பதை நிரூபிக்கப் பேங்க்குக்குப் போகிறார். போன வருஷம் அங்கே மேஜைக்குப் பின்னால் இருந்த பெண்ணிடமே, முதலில் உங்கள் அடையாள அட்டையைக் காட்டுங்கள் என்று கேட்டுவிட்டார். அவள் காட்டவும் செய்தாள். எனக்குத்தான் முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை.

எங்களுக்கு ஒரே பிள்ளை, ஷ்ரேயாஸ். வயது முப்பத்தாறு. இரண்டு வருஷத்துக்கு முன்னால் அவனும் அவன் மனைவி ஸ்னேஹாவும் கனடாவுக்குக் குடிபோனார்கள், டொராண்டோவுக்கு. அப்பாவுக்கும் பிள்ளைக்கும் சண்டை என்று ஒருநாளும் கிடையாது. சண்டை போடுவதற்குப் பேசவேண்டும் இல்லையா? அதுவே கிடையாது. ஒருத்தர்மேல் ஒருத்தருக்கு உயிர். ஆனால் ஒரே அறையில் விட்டால் இரண்டு பேரும் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். ஏர்போர்ட்டில் நான் அழுதுகொண்டிருக்கிறேன், ஸ்னேஹா அழுதுகொண்டிருக்கிறாள். இவர் பிள்ளையின் தோளைத் தொட்டு, "பாஸ்போர்ட் இருக்கா?" என்றார். அவன் "இருக்குப்பா" என்றான். அவ்வளவுதான் வழியனுப்பு.

அந்தப் பயணத்துக்கு முந்தின நாள்தான் நம்பர் இவர் கைக்கு வந்தது. ஷ்ரேயாஸ் காலேஜில் படித்த காலத்திலிருந்து வைத்திருந்த மொபைல் நம்பர் அது. பேங்க், ஆதார், பான் கார்டு, ரயில் டிக்கெட் என்று அவனுடைய சகலமும் அந்த நம்பரில் தொங்கிக்கொண்டிருந்தது. ரீசார்ஜ் செய்யாமல் விட்டால் கம்பெனிக்காரர்கள் கொஞ்ச நாளில் அதைப் பிடுங்கி வேறு யாருக்காவது கொடுத்துவிடுவார்களாம். அதனால் ஒரு பட்டன் போன் வாங்கி, சிம்மை அதில் போட்டு, அப்பாவிடம் கொடுத்தான். மாசம் தவறாமல் ரீசார்ஜ் பண்ணவேண்டும். அணைந்துபோக விடக்கூடாது. அவன் கூப்பிட்டுக் கேட்கும்போது அதில் வந்திருக்கும் ஓடிபியைப் படித்துச் சொல்லவேண்டும். வேறு யார் கூப்பிட்டாலும் எடுக்கக்கூடாது. "புரிஞ்சுதாப்பா?" என்றான்.

"எழுத்துல குடு," என்றார் இவர்.

அன்றிலிருந்து அந்த பட்டன் போன் எங்கள் வீட்டில் மூன்றாவது ஆள். வெளியே போனால் பனியனுக்குள் வைத்துக்கொள்ள ஒரு பை தைத்துக் கொடு என்றார், கொடுத்தேன். குளிக்கப் போனால் பாத்ரூம் ஜன்னலில் இருக்கும். காலையில் எழுந்ததும் முதல் காரியம் அதில் சிக்னல் கோடு எத்தனை என்று பார்ப்பது. அப்புறம்தான் என் முகம். மூன்று உத்தரவுகளை அட்சரம் பிசகாமல் நிறைவேற்றினார். நாலாவதைத்தான் காற்றில் விட்டார். யார் கூப்பிட்டாலும் எடுத்தார்.

ஒருநாள் நான் கீரை ஆய்ந்துகொண்டிருக்கும்போது மணி அடித்தது. இன்சூரன்ஸ் விற்கிற பெண். பேர் வைஷ்ணவியாம். சத்தம் வெளியே கேட்கிற மாதிரி வைத்துக்கொண்டுதான் பேசுவார், காது மந்தம்.

"ஷ்ரேயாஸ் சாருங்களா?"

"ஆமாம்மா, சொல்லுங்கோ," என்றார் இவர். நான் கீரையைக் கீழே வைத்துவிட்டேன்.

"உங்க வயசு சொல்லுங்க சார்."

"முப்பத்தாறு."

"குரல் ஒரு மாதிரியா இருக்கே சார்?"

"ஜலதோஷம்."

"சரிங்க சார். உடம்புக்கு வேற எதாச்சும் இருக்குங்களா?"

"பிபி இருக்கு. சுகர் இருக்கு. வலது கண்ணுல காடராக்ட் ஆபரேஷன் ஆயிடுத்து. இடது முட்டியை மடக்க முடியலை. ஒரு காது சரியாக் கேக்காது."

அப்புறம் அந்தப் பெண் மெதுவாக, "முப்பத்தாறு வயசுலயா சார்?" என்றாள்.

"ஐடி வேலைம்மா," என்றார்.

பாவம், அது இன்சூரன்ஸையே மறந்துவிட்டது. "சார், அந்த வேலையை விட்டுருங்க சார், உசுரு முக்கியம்" என்று பத்து நிமிஷம் புத்தி சொன்னது. இரண்டு நாள் கழித்து மறுபடி கூப்பிட்டு, அவளுடைய அத்தை முட்டிவலிக்குப் போடுகிற எண்ணெய் பேரைச் சொன்னது. இவர் வாங்கித் தடவிக்கொண்டார். "வெக்கமா இல்லையா, சின்னப் பொண்ணை ஏமாத்தறேளே" என்றேன். "வயசைத் தவிர எல்லாம் உண்மைதானே சொன்னேன்," என்றார். முட்டி இப்போது தேவலை, அதையும் சொல்லிவிடவேண்டும்.

இந்தக் கூத்தெல்லாம் இருக்கட்டும். விஷயம் ஓடிபியில்தான் இருக்கிறது.

முதல் தடவை ஷ்ரேயாஸ் ஓடிபிக்காகக் கூப்பிட்டது ஒரு விடியற்காலை. இங்கே ஆறு மணி, அங்கே முந்தின நாள் சாயங்காலம் ஏழரை. இவருடைய சொந்த போனில் கூப்பிட்டான். அதே நேரம் பட்டன் போனில் மெசேஜ் வந்து விழுந்தது. படித்துச் சொல்லவேண்டியதுதானே? அதுதான் இல்லை. ஓடிபியை யாரிடமும் சொல்லாதீர்கள் என்று அந்த மெசேஜிலேயே போட்டிருந்ததாம். அதோடு, திருட்டுப் பயல்கள் பிள்ளைகளின் குரலையே நகல் எடுத்துப் பெற்றோரை ஏமாற்றுகிறார்கள் என்று முந்தின வாரம்தான் பேப்பரில் படித்திருந்தார்.

"நீ ஷ்ரேயாஸ்தான்னு நான் எப்படி நம்பறது?" என்றார்.

"அப்பா, என் பேர்தானே வர்றது உங்க போன்ல?"

"பேரை யார் வேணும்னாலும் போட்டுக்கலாம். ஏழாம் கிளாஸ்ல நீ எதுல ஃபெயில் ஆனே?"

"அப்பா, மூணு நிமிஷம்தான் டைம். அப்புறம் செல்லாது."

"எதுல?"

"கன்னடத்துல."

"எத்தனை மார்க்?"

"இருபத்திரெண்டு."

"இருபத்திமூணு. பரவாயில்லை, எழுதிக்கோ," என்று நம்பரைச் சொன்னார். அதற்குள் அது காலாவதியாகிவிட்டது. மறுபடி வரவழைத்தான். புது ஓடிபிக்குப் புதுக் கேள்வி கேட்டார். அதுவும் அவன் நல்ல நேரம், இரண்டாவது கேள்வி சுலபமாக இருந்தது.

எனக்குச் சிரிப்பும் வந்தது, ஆச்சரியமாகவும் இருந்தது. அவன் கன்னடத்தில் வாங்கிய மார்க் எனக்கே மறந்துபோயிருந்தது. ரிப்போர்ட் கார்டில் ஒரு வார்த்தை பேசாமல் கையெழுத்துப் போட்டுக் கொடுப்பார். இவ்வளவையும் மண்டைக்குள் வைத்திருந்தார் என்று எனக்குத் தெரியாது.

அதுவே பழக்கமாகிவிட்டது. வாரத்துக்கு இரண்டு தடவையாவது ஓடிபி வரும். ஒவ்வொன்றுக்கும் ஒரு கேள்வி. சைக்கிளில் விழுந்து எந்தப் பல் உடைந்தது, அடுகோடியில் குடியிருந்தபோது வீட்டுக்காரர் நாய்க்கு என்ன பேர், எஸ்எஸ்எல்சி பரீட்சைக்குப் பென்சில் மறந்துபோய் யாரிடம் கடன் வாங்கினாய். பிள்ளையும் பதிலுக்குக் கிண்டல் பண்ண ஆரம்பித்தான். "அந்த நாய்க்குப் பேர் வெச்சதே நீங்கதானேப்பா" என்பான். இவர் சிரிப்பார். இவர் போனில் சிரித்து நான் கேட்டதே அப்போதுதான்.

ஞாயிற்றுக்கிழமை வீடியோ கால் மட்டும் பழையபடிதான். நானும் அவனும் ஒரு மணி நேரம் வம்பு பேசுவோம். இவர் ஓரமாக வந்து நின்று, "என்ன, எல்லாம் சரியா? சரி, அம்மாகிட்டப் பேசு" என்று நழுவிவிடுவார். ஓடிபி என்றால்தான் மனுஷருக்கு வாய் திறக்கும்.

ஒரு வருஷத்தில் பழைய கேள்விகள் தீர்ந்துபோயின. நிற்பார் என்று பார்த்தால் நிற்கவில்லை. "நேத்து ராத்திரி என்ன சாப்ட்டே?" என்று கேட்டார் ஒருநாள்.

"ஏன்னா, அதுக்கு உங்ககிட்டயே விடை கிடையாதே. எப்படி சரிபார்ப்பேள்?" என்றேன்.

"சொல்ற விதத்துல தெரியும்," என்றார் முகத்தை ஆபீஸ் முகமாக வைத்துக்கொண்டு.

அந்தக் குளிர்காலத்தில் ஷ்ரேயாஸ் பனியில் வழுக்கி விழுந்தான். என்னிடம்தான் சொல்லியிருந்தான், நான் இவரிடம் சொன்னேன். அடுத்த ஓடிபிக்குக் கேள்வி, "விழுந்தியாமே, எந்தக் கால்?" அவன் "இடது" என்றான். "இப்ப வலி இருக்கா?" என்றார். "இதுவும் வெரிஃபிகேஷனாப்பா?" என்று கேட்டான். "துணைக் கேள்வி," என்றார். அன்றைக்கு மூன்று ஓடிபி காலாவதி ஆயிற்று. அப்பாவும் பிள்ளையும் வலிக்கு வெந்நீர் ஒத்தடமா ஐஸா என்று விவாதித்துக்கொண்டிருந்தார்கள். நான் காபியை இரண்டு தடவை சுடவைத்தேன்.

இப்படி ஓடிக்கொண்டிருந்ததில் இந்த மார்ச் மாசம் இடி விழுந்தது.

காலையில் கூப்பிட்ட ஷ்ரேயாஸ், "அப்பா, ஒரு நல்ல சேதி. பேங்க்ல இப்ப கனடா நம்பரையே குடுக்கலாமாம். மத்ததையும் ஒவ்வொண்ணா மாத்திடுவேன். இனிமே உங்களைத் தொந்தரவே பண்ண மாட்டேன்" என்றான்.

இவர் பட்டன் போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அப்புறம், "நல்லதாப் போச்சு," என்றார்.

"மாத்தறதுக்குப் பழைய நம்பருக்குக் கடைசியா ஒரு ஓடிபி வரும். அதை மட்டும் சொல்லிடுங்கோ."

மெசேஜ் வந்தது. அன்றைக்கு இவர் கேள்வி எதுவும் கேட்கவில்லை. அதிலேயே எனக்குச் சந்தேகம் தட்டியது. காபி டம்ளரோடு பின்னால் போய் நின்றேன். திரையில் நாலு, இரண்டு, எட்டு, ஒன்று, பூஜ்யம், ஆறு என்று பளிச்சென்று இருந்தது. இவர் நிதானமாக, "நாலு, எட்டு, ரெண்டு, ஒண்ணு, பூஜ்யம், ஆறு" என்று படித்தார்.

"தப்புன்னு வர்றதுப்பா," என்றான் அவன்.

"அப்படியா? மறுபடி அனுப்பச் சொல்லு."

மறுபடி வந்தது. மறுபடி இரண்டு எண்ணை மாற்றிப்போட்டுப் படித்தார். மூன்றாவது தடவை திரையைப் பார்க்கக்கூட இல்லை, காலண்டரைப் பார்த்துக்கொண்டே வாய்க்கு வந்ததைச் சொன்னார். மூன்று தப்பு ஆனதும் இருபத்திநாலு மணி நேரத்துக்குப் பூட்டிவிட்டது. "பரவாயில்லப்பா, நாளைக்குப் பாக்கலாம்" என்று அவன் வைத்துவிட்டான்.

"நம்பரை மாத்தி மாத்திச் சொன்னேளே, நான் பாத்துண்டுதான் இருந்தேன்," என்றேன்.

"கண்ணு சரியாத் தெரியலைடி."

கன்னடப் பஞ்சாங்கத்தில் பொடி எழுத்தைக் கண்ணாடி இல்லாமல் படிக்கிற கண் அது. நான் அப்படிச் சொன்னதும் ரோஷம் வந்து, பொய்யை நிஜமாக்கிவிட வேண்டும் என்று பஸ் ஸ்டாண்டு பக்கத்துக் கண்ணாடிக் கடைக்கே போய் உட்கார்ந்தார். கடைக்காரன் எல்லா எழுத்தையும் படிக்கச் சொல்லிப் பார்த்துவிட்டு, கண் பிரமாதமாக இருக்கிறது, கண்ணாடியே வேண்டாம் என்று சொல்லி அனுப்பிவிட்டான். இவ்வளவு நல்ல சேதியை இவ்வளவு வாடின முகத்தோடு கேட்டுக்கொண்டு வந்தவர் உலகத்தில் இவர் ஒருத்தராகத்தான் இருக்கும்.

அடுத்த நாள் ஓடிபி வந்து அவர் கையிலேயே பட்டன் போன் கிணுகிணுத்தது. "இன்னும் வரலையே," என்றார் பிள்ளையிடம்.

"சத்தம் கேட்டுதேப்பா?"

"அது குக்கர்."

இந்த நாற்பத்தோரு வருஷத்தில் அப்படிக் கிணுகிணுக்கிற குக்கரை நான் வாங்கினதே இல்லை. பிள்ளை, "ஓ, குக்கரா" என்று ஒத்துக்கொண்டான். அவன் அப்படி ஒத்துக்கொண்டது எனக்கு அப்போதே உறைத்திருக்கவேண்டும். உறைக்கவில்லை.

அதற்கும் அடுத்த நாள் சாம்பாருக்குப் பருப்பு எடுக்கப் போனேன். டப்பாவில் கைவிட்டால் பாட்டரி வருகிறது. பட்டன் போனின் பாட்டரி.

"இது எப்படிங்க துவரம்பருப்புக்குள்ள வந்துது?" கோபம் வந்தால் எனக்கு வேலூர்த் தமிழ் வந்துவிடும்.

"ஈரம் இழுக்கட்டும்னு வெச்சேன்."

"எந்த ஈரம்?"

சோபாவில் போய் உட்கார்ந்துகொண்டார். நான் விடவில்லை. பாட்டரியைக் கையில் பிடித்துக்கொண்டு முன்னால் போய் நின்று வாங்கு வாங்கென்று வாங்கினேன். பிள்ளை பாவம் அங்கே வேலை முடிந்து வந்து மல்லாடுகிறான், எழுபத்திரண்டு வயசில் இதென்ன விளையாட்டு, நம்பர் போனால் தொல்லை விட்டது என்று இருக்கவேண்டியதுதானே என்றேன்.

அவர் என்னைப் பார்க்கவில்லை. பேப்பரை மடித்துக்கொண்டே, "இந்த நம்பர் போயிடுத்துன்னா அவன் எனக்கு எதுக்குடி போன் பண்ணப்போறான்?" என்றார்.

மத்தியானம் அவர் இரண்டாவது தடவை சாதம் போட்டுக்கொள்ளவில்லை. நானும் சரியாகச் சாப்பிடவில்லை. ஏதோ ஒரு விளையாட்டு என்று நினைத்திருந்தேன். மனுஷர் பயந்துபோயிருக்கிறார், பிள்ளை கையைவிட்டுப் போகப்போகிறான் என்று நிஜமாகவே பயந்துபோயிருக்கிறார் என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

சாயந்திரம் அவர் பார்க்குக்கு நடக்கப் போன நேரத்தில் மொட்டைமாடிக்குப் போய் ஷ்ரேயாஸைக் கூப்பிட்டேன். அங்கே காலை, அவன் ஆபீஸுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தான்.

"உங்கப்பா பண்றதைச் சொல்றேன், கோச்சுக்காதே. நம்பரை வேணும்னே தப்புத் தப்பாச் சொல்றார்," என்றேன்.

"தெரியும்மா," என்றான்.

"எப்படித் தெரியும்?"

"அந்த ஓடிபி எனக்கு மெயில்லயும் வரும்."

"எப்போலேர்ந்து?"

"முதல்லேர்ந்தே."

காய்ந்த துணி கையில் இருந்தது. அப்படியே தண்ணீர்த் தொட்டியின் திண்டில் உட்கார்ந்துவிட்டேன். "அப்போ இத்தனை நாளா அவரைக் கேட்டுண்டிருந்தியே?"

"அப்பாகிட்டச் சும்மா கூப்பிட்டு என்ன பேசறதும்மா, நீயே சொல்லு. எல்லாம் சரியாம்பார், அம்மாகிட்டக் குடுக்கறேன்ம்பார். இதுன்னா கேள்வி கேக்கறார்."

எனக்குக் கோபம்தான் முதலில் வந்தது. "அப்புறம் எதுக்குடா நம்பரை மாத்தறேன்னு ஆரம்பிச்சே?"

"நீதானே போன மாசம் சொன்னே. அப்பா விடியக்கார்த்தால நாலரைக்கே எழுந்து, ரெண்டு போனையும் முன்னால வெச்சிண்டு உக்காந்திருக்கார், பாவம்னு. இந்த வயசுல என்னால அவருக்குத் தூக்கம் போறதேன்னு இருந்துது. மாத்திட்டா நிம்மதியாத் தூங்குவார்னு நெனச்சேன்."

ஆக, தீயை வைத்தது நான். சொன்னேன்தான். ஏதோ வம்புக்குச் சொன்னது.

"அன்னிக்கு அவர் நாலு எட்டு ரெண்டுன்னார்," என்றான் அவன். "எனக்கு எதிர்ல மெயில்ல நாலு ரெண்டு எட்டுன்னு இருந்துது. முதல் தடவை கண்ணு போச்சோன்னு பயந்துட்டேன். ரெண்டாவது தடவை புரிஞ்சுடுத்து."

"புரிஞ்சப்புறமும் ஏண்டா பூட்டிண்டுடுத்து? சரியான நம்பர்தான் உன்கிட்ட இருந்துதே?"

"அவர் சொன்னதையே போட்டேன்."

"மூணு தடவையுமா?"

"மூணு தடவையும்," என்றான்.

இரண்டு பேரும் திருடர்கள். ஒரே ரத்தம், ஒரே திருட்டு முழி. எனக்கு அழுகை வந்தது, கூடவே பொறாமையும் வந்தது, மறைப்பானேன். வாராவாரம் மணிக்கணக்கில் நான் பேசுகிறேன். எனக்காக இப்படி ஒரு தப்பு நம்பரை யாராவது தட்டியிருக்கிறார்களா?

"அப்பாகிட்டச் சொல்லிடாதே," என்றான்.

"சொல்லலை. ஆனா ஓடிபி கீடிபி ஒண்ணும் இல்லாம ஒருநாள் அவரைக் கூப்பிடு."

"கூப்பிட்டு என்னம்மா சொல்றது?" முப்பத்தாறு வயசுப் பிள்ளை, ஆபீஸில் நாற்பது பேரை மேய்க்கிறவன், முதல் நாள் பள்ளிக்கூடத்துக்குப் போகிறவன் மாதிரி கேட்டான்.

"எனக்குத் தெரியாது. கூப்பிடு," என்று வைத்துவிட்டேன்.

மறுநாள் காலை கூப்பிட்டு, பேங்க்கில் ஏதோ சிக்கல், கனடா நம்பர் ஒத்துவராது போலிருக்கிறது, பழைய நம்பரே இருக்கட்டும் என்றான். "நான் அப்பவே நெனச்சேன். ரூல்ஸ்னு ஒண்ணு இருக்கே," என்றார் இவர், பரம கம்பீரமாக. அன்றைக்கு மத்தியானம் மூன்று தடவை சாதம் போட்டுக்கொண்டார். சாப்பிட்டு எழுந்து கை துடைத்துக்கொண்டே, "நான் இல்லைன்னா அவனுக்கு ஒரு காரியம் நடக்காது, பாவம்" என்றார். எனக்கு நாக்கு நுனி வரை வந்துவிட்டது. மோரைக் குடித்து உள்ளே தள்ளினேன். எதையும் அடக்கி வைத்துப் பழக்கமில்லாத எனக்கு அந்த வாரம் பட்ட பாடு கொஞ்சநஞ்சமில்லை.

பத்து நாள் போயிருக்கும். அன்றைக்குக் காலையில் பட்டன் போன் சார்ஜ் ஆகட்டும் என்று சமையலறை மேடையில், என் பக்கத்தில் இருந்தது. இவருடைய போன் ஹாலில் அடித்தது. ஷ்ரேயாஸ்தான். இவர் எடுத்து, வழக்கம்போல, "இரு, முதல்ல ஒரு கேள்வி" என்று ஆரம்பித்தார். நான் தோசை வார்த்துக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தேன். ஸ்னேஹாவின் புது வேலையைப் பற்றிக் கேட்டார். அங்கே கறிவேப்பிலை கிடைக்கிறதா என்று கேட்டார். அவன் ஏதோ கேட்டிருக்கிறான், இவர் தன் முதல் போஸ்டிங்கில் நிலம் அளக்கிற சங்கிலியை இழுத்துக்கொண்டு வயல் வரப்பில் விழுந்த கதையைச் சொன்னார். அந்தக் கதையை எனக்கே அவர் சொன்னதில்லை. தோசை ஆறிப்போயிற்று. மேடைமேல் பட்டன் போன் ஒரு தடவைகூட முனகவில்லை.

முக்கால் மணி நேரம் கழித்து வைத்தார். அப்புறம் அவசர அவசரமாகச் சமையலறைக்கு வந்து பட்டன் போனை எடுத்துப் பார்த்தார். அழுத்திப் பார்த்தார். கண்ணுக்குக் கிட்டத்தில் கொண்டுபோய்ப் பார்த்தார்.

"ஒண்ணும் வரலையேடி," என்றார்.

"எதுக்கு வரணும்? அவன் கேட்டானா?"

அவர் போனையே பார்த்துக்கொண்டு நின்றார். நான் அடுப்பைச் சின்னதாக்கினேன்.

"கேக்கலை," என்றார். அப்புறம் என் பக்கம் திரும்பி, இன்னொரு தடவை சொன்னார். "ஓடிபியே கேக்கலைடி."